எருக்குழியில் ஒரு வாய்

பிப்ரவரி 12

அக்காவுக்கு,

இன்று காலை என் எருக்குழியில் என் வாயைக் கண்டெடுத்தேன்.

கிண்டல் இல்லை. மண்வெட்டியில் ஏதோ கடக்கென்று இடித்தது. கல் என்று நினைத்துக் குனிந்து எடுத்தால் ஒரு கீழ்த்தாடை. வெள்ளைப் பிளாஸ்டரில் செய்தது. கிளறக் கிளற வந்துகொண்டே இருந்தது. மேல்தாடை, கீழ்த்தாடை, கடைவாய்ப்பல் கொட்டிப்போனது, ஒரு பல்கூட இல்லாமல் வழவழவென்று ஈறு மட்டும் இருப்பது. நாற்றுக்குப் பை நிரப்பும் பெண்கள் ஓடி வந்து பார்த்தார்கள். "யாரோ ஒரு ஊரையே இங்க புதைச்சிருக்காங்கண்ணே" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி அதற்குப் பிறகு குழிப்பக்கம் வரவே இல்லை.

அதில் ஒரு மேல்தாடையை மட்டும் கழுவிப் பார்த்தேன். முன்பல்லின் ஒரு மூலை சாய்வாக உடைந்திருக்கிறது. பக்கத்துப் பல் அதன் மேல் ஏறி நிற்கிறது. என் நாக்கை என் பல்லில் வைத்துத் தடவிக்கொண்டே விரலால் அந்த அச்சைத் தடவினேன். இரண்டும் ஒன்றுதான். சைக்கிளிலிருந்து விழுந்து பல்லை உடைத்துக்கொண்டு வந்தபோது, நீ வேலை பழகுவதற்காக என் வாயில் பிசைந்த மாவை அடைத்து எடுத்து, அந்தப் பள்ளத்தில் பிளாஸ்டர் ஊற்றி வார்த்தாயே, அதே அச்சு. அப்படியென்றால் இந்தக் குவியல் முழுக்க உன் பல் செட்டு லேப்பிலிருந்து வந்ததுதான்.

உன் மகளின் நிச்சயத்தன்று சம்பந்தி வீட்டார் எல்லோர் முன்னாலும், "இவன் என் தம்பி, குப்பை வியாபாரம்" என்று அறிமுகம் செய்து வைத்தாய். அன்றிலிருந்து உன் எண் வந்தால் நான் போனை எடுப்பதில்லை. அப்படிப்பட்டவன் இப்போது உனக்குப் போன் செய்வது நியாயமில்லை என்பதால் எழுதுகிறேன்.

விஷயம் சின்னதில்லை. குளிர்காலம் தொடங்கியதிலிருந்து என் இடம் அழுகிய முட்டை நாற்றம் நாறுகிறது. பக்கத்து பேக்கரிக்காரர் புகார் கொடுத்துவிட்டார். கழிவு ஆய்வாளர் அம்மா வந்து பார்த்து நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். குழியில் கொட்டியது என்ன, யாருடையது, யார் கொண்டு வந்தது என்று மார்ச் முடிவதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் கேட்டுக்கு சீல். எரு விற்கும் அனுமதியும் போய்விடும். ஏப்ரலில்தான் நாற்றுப் பண்ணைக்காரர்கள் வாங்க வருவார்கள் என்பது உனக்குத் தெரியும். அதைத் தவறவிட்டால் எனக்கு வேறு பிழைப்பு இல்லை.

என் வாய் எப்படி இங்கே வந்தது? அதை மட்டும் சொல்.

தம்பி

பிப்ரவரி 19

பொக்கைவாயனுக்கு,

நிச்சயத்தன்று நான் சொன்னது விளையாட்டு. விளையாட்டுக்குக் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் எழுந்து போனவன் நீ. அதன் பிறகு எத்தனை முறை போன் செய்தேன் என்று நான் எண்ணவில்லை. நீயும் எண்ணியிருக்க மாட்டாய். இப்போது குழியில் ஒரு அச்சு கிடைத்ததும் பக்கம் பக்கமாக எழுத வருகிறது.

சரி, கேட்டதற்குப் பதில். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு நாங்கள் பல் செட்டு செய்கிறோம். செட்டு வாய்க்குப் போய்விடும், அச்சு எங்களிடமே தங்கிவிடும். சில காலம் வைத்திருப்போம். அலமாரி நிறைந்ததும் மூட்டை கட்டிப் பின்வாசலில் வைப்போம். யாராவது எடுத்துப் போவார்கள். பின்வாசலைத் தாண்டிய பிறகு அது என் பொருள் இல்லை. உன் குழிக்கு எப்படி வந்தது என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்ல?

உன் அச்சு அதில் சேர்ந்தது அலமாரி துடைக்கும் பெண்ணின் வேலையாக இருக்கும். அவளுக்கு எது பழசு, எது வேண்டியது என்று தெரியாது.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. பிளாஸ்டருக்கு நாற்றமே கிடையாது. இத்தனை வருஷமாக முழங்கை வரை அதில்தான் கிடக்கிறேன். என் மூக்குக்கு நான் உத்தரவாதம். உன் குழியில் எலி கிலி செத்துக் கிடக்கும், நன்றாகத் தேடிப் பார். உன் குழி நாறுவதற்கு என் பல் என்ன செய்யும்?

கேட்டின் சாவி யாரிடமெல்லாம் இருக்கிறது? பூட்டை உடைத்திருக்கிறார்களா?

அந்த அச்சு உடையாமல் இருக்கிறதா? சும்மாதான் கேட்டேன்.

அக்கா

பிப்ரவரி 26

அக்காவுக்கு,

எலி இல்லை. இந்த நாற்றம் வந்த நாளிலிருந்து நான் பார்க்காத மூலை இல்லை. சாக்கடையைத் தோண்டினேன். இலை கொண்டு வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, மூட்டையை அவிழ்த்து மோந்து பார்த்தேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்தார்கள். நல்ல எரு நாறாது, அக்கா. காற்றுப் போகும்படி புரட்டிக்கொண்டே இருந்தால் மழை விழுந்த மண் மாதிரி மணக்கும். அதை வைத்துத்தான் என் வாடிக்கையாளர்கள் வாங்குகிறார்கள். இந்த நாற்றம் குழியின் அடியிலிருந்து வருகிறது. ஈரம் தேங்கி, நான் புரட்டாமல் விட்டிருந்த மூலை அது. பல்லெல்லாம் அங்கேதான் கிடந்தது.

இன்னொரு விசித்திரம். குழியில் வேலை செய்யும்போது கையில் கிடந்த வெள்ளி மோதிரம் கறுத்துவிட்டது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

ஆய்வாளர் அம்மா மறுபடி வந்தார். கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொள்ளாமல் குழி ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஆசையாக மோந்து பார்க்கும் ஒரே ஆள் அவர்தான். "இந்தப் பல்லெல்லாம் யாரோடது?" என்று கேட்டார். என் அச்சு அப்போது என் சட்டைப்பையில் இருந்தது. கையை வைத்து மறைத்துக்கொண்டு, "தெரியலைங்க, விசாரிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

பூட்டு உடையவில்லை. சாவி இரண்டு. ஒன்று என் இடுப்பில் இருக்கிறது. இன்னொன்று மாமாவிடம். வியாழக்கிழமை நான் சந்தைக்குப் போனால் அவர்தான் வந்து நாற்றுக்குத் தண்ணீர் தெளிப்பார். அவரும் பூட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை.

நீ ஒன்றுக்குப் பதில் எழுதவில்லை. "யாராவது எடுத்துப் போவார்கள்" என்றாய். யார் அந்த யாராவது?

தம்பி

மார்ச் 7

தம்பிக்கு,

மாமாதான்.

உன் கடிதத்தில் 'சாவி', 'மாமா' என்ற இரண்டும் ஒரே வரியில் இருந்ததைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. ஏனென்றால் என் பின்வாசலில் மூட்டையை எடுக்கிற 'யாராவது' அவர்தான்.

முன்பு பிளாஸ்டரை அரைத்துச் சுவர்ப்பலகை செய்யும் ஆலையின் லாரி வந்து எடுத்துப் போகும். அவர்கள் ஆயிரம் கண்டிஷன் போடுவார்கள். மெழுகு கலக்கக் கூடாது, ஈரமாக இருக்கக் கூடாது, ஒவ்வொரு முறையும் சீட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். எனக்குச் சலித்துப்போனது. நம் அம்மாவின் தம்பி, வேன் வைத்து ரொட்டி இறக்குகிறவர், போகிற வழியில் எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னதும் பெரிய தொல்லை விட்டது என்று நினைத்தேன். "எங்க மாமா கொண்டு போறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "அதுக்கு ஒரு நல்ல இடம் இருக்கு, நீ வேலையப் பாரு" என்றார். நானும் வேலையைப் பார்த்தேன். சொந்த மாமாவிடம் சீட்டு நீட்டிக் கையெழுத்தா கேட்பது?

நேற்று அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். மறைப்பார் என்று பார்த்தால் பெருமையாகச் சொல்கிறார்.

"ஆமா, நான்தான் போட்டேன். உரக்கடைல ஜிப்சம்னு மூட்டை மூட்டையா விக்கிறாங்க, மண்ணுக்கு நல்லதுன்னு. நீ செய்யுற பிளாஸ்டரும் அதேதானே? இங்க நீ தூக்கிப் போடுற, அங்க அவன் கஷ்டப்படுறான். அவனுக்குத் தெரியாம அடில போட்டு மூடினேன். விளைஞ்சதும் ஆச்சரியப்படுவான்னு."

"சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாமே மாமா?"

"சொன்னா அவன் வாங்குவானா? அக்கா வீட்டுதுன்னா தொடமாட்டான். நீங்க ரெண்டு பேரும் பேசுறதில்ல. பொருளாவது போய் வரட்டுமேன்னு நெனச்சேன்."

என்னால் திட்டவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. நோட்டீஸ் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுண்டிப்போனது. வேன் சாவியை மேசையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஆனால் நாற்றத்துக்குக் காரணம் பிளாஸ்டர்தானா என்பது எனக்கு இன்னும் சந்தேகம். பார்த்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். லேப் ஜன்னலில் இரண்டு கண்ணாடி ஜாடி வைத்திருக்கிறேன். இரண்டிலும் உருளைக்கிழங்குத் தோல், டீத்தூள் சக்கை, உன் குழியிலிருந்து மாமா இன்று காலை அள்ளி வந்த ஈர எரு. ஒன்றில் மட்டும் உடைந்த பல் அச்சுகள். இரண்டிலும் ஒரு துண்டு வெள்ளிக் கம்பி போட்டு இறுக மூடியாயிற்று. வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் பல்லை விட்டுவிட்டு ஜாடியைத்தான் பார்க்கிறார்கள்.

இன்னொன்று எழுத வேண்டும். அலமாரி துடைக்கும் பெண் மேல் நான் பழி போட்டது பொய். உன் அச்சை மூட்டையில் போட்டது நான்தான். நிச்சயத்தன்று இரவு நீ போனை எடுக்காதபோது, அலமாரி மேல் தட்டில் நீ பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாய். பார்க்கவே எரிந்தது. எடுத்துப் போட்டுவிட்டேன்.

அக்கா

மார்ச் 15

அக்காவுக்கு,

போட்டுவிட்டாய். சரி. நீ தொழில் கற்றுக்கொண்ட முதல் வாய் என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாய், அதனால் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. மூட்டையில் தவறி விழுந்திருக்கும் என்று நினைத்திருந்தபோது வலிக்கவில்லை. இப்போது வலிக்கிறது. இதற்கு மேல் எழுதினால் வேறு ஏதாவது எழுதிவிடுவேன்.

நோட்டீஸுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். 'கொட்டியது யார்' என்ற இடம் வந்ததும் கை நகரவில்லை. உன் பெயரை எழுதினால் விசாரணை உன் லேப்புக்கு வரும். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு நீதான் பல் செய்து கொடுக்கிறாய். விசாரணை என்று தெரிந்தால் அவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். மே மாதம் கல்யாணத்தை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய்? மாமா பெயரை எழுதினால் வேனைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். இந்த வயதில் அவரை ஆபீஸ் ஆபீஸாக அலைய விட எனக்கு மனம் இல்லை.

அதனால் 'அடையாளம் தெரியாத யாரோ, நான் இல்லாத நேரத்தில்' என்று எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் கொண்டு போய்க் கொடுப்பேன். ஆளைக் காட்டவில்லை என்றால் பொறுப்பு இடத்துக்காரன் தலையில்தான் விழும். விழட்டும். சீல் வைத்தால் இந்த வருஷம் போகும். பை நிரப்பும் பெண்களிடம் மட்டும் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

உன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. இதை உனக்காகச் செய்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

ஜாடி என்ன ஆனது?

தம்பி

மார்ச் 21

தம்பிக்கு,

அந்தப் பொய்யைக் கொடுக்காதே. எழுதியிருந்தால் கிழித்துவிடு. கிழித்ததைக் காகிதக் குப்பையில் தனியாகப் போடு, உன் குழியில் போட்டுத் தொலைக்காதே.

நேற்று பிளாஸ்டர் இல்லாத ஜாடியை முதலில் திறந்தேன். புளித்த வாடை வந்தது, வேறொன்றும் இல்லை. கம்பி கொஞ்சம் மங்கியிருந்ததே தவிர வெள்ளையாகத்தான் இருந்தது. இரண்டாவது ஜாடியின் மூடியைத் திருகியதுதான் தாமதம், மெழுகு வேலை செய்யும் பெண் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே ஓடினாள். மெருகு போடுகிறவர் ஓடவில்லை. அவருக்கு ஜலதோஷம். என் மூக்குக்கு உத்தரவாதம் கொடுத்தேனே, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கம்பி கரி மாதிரிக் கறுத்திருந்தது. உன் மோதிரம் பொய் சொல்லவில்லை.

இரண்டு ஜாடியையும் மூடித் தூக்கிக்கொண்டு நேராக உன் ஆய்வாளர் அம்மாவின் ஆபீஸுக்குப் போனேன். வாசலில் காவலாளி, "என்னம்மா இது?" என்றார். "சாட்சி" என்றேன். பயந்து வழி விட்டார்.

அந்த அம்மா ஜாடியைத் திறந்து மோந்துவிட்டு, அதைக் குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பிளாஸ்டருக்குள் கந்தகம் இருக்கிறதாம். காய்ந்து கிடந்தால் சாது. காற்றுப் போகாத ஈரத்தில், அழுகுகிற இலை தழையோடு சேர்ந்தால், அங்கே இருக்கும் கிருமிகள் அதைத் தின்று இந்த வாயுவை விடுமாம். மூடின இடத்தில் நிறையச் சேர்ந்தால் ஆளையே மயக்கிப் போட்டுவிடுமாம். அதனால்தான் ஆலைக்காரர்கள் அத்தனை கண்டிஷன் போட்டிருக்கிறார்கள். கையெழுத்து வாங்கி என்னைத் தொந்தரவு செய்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ அந்தக் குழிக்குள் இறங்கி நின்று வேலை செய்தவன். நான் வருகிற வரை இனி இறங்காதே.

மாமாவைப் பற்றியும் சொன்னேன். "சொந்தக்காரர், நல்ல எண்ணத்துல செஞ்சிட்டார்" என்றேன்.

அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டு கேட்டார். "அவர் நல்லவரா இருக்கட்டும்மா. கழிவு எடுத்துப் போக அவருக்கு அனுமதி இருக்கான்னு பார்த்தீங்களா? எங்க போய்ச் சேருதுன்னு கேட்டீங்களா?"

"ஒரு தடவை கேட்டேன்."

"பதில் வந்துச்சா?"

"வரலை."

"அப்ப நீங்க கேக்கலைன்னுதான் அர்த்தம். தொழில் பண்றவங்ககிட்ட சட்டம் கேக்குறது அவ்வளவுதான். உங்க குப்பை எங்க போய்ச் சேருதோ, அதுவரைக்கும் அது உங்களோடதுதான்."

பின்வாசலைத் தாண்டினால் என் பொருள் இல்லை என்று உனக்கு எவ்வளவு தோரணையாக எழுதினேன்!

அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டேன். என் லேப், என் கழிவு, நான் கொடுத்தேன், மாமா எடுத்தார், தம்பிக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்காரர்களுக்கும் நானே சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். யோசிக்கட்டும். நீ இலை மூட்டையை அவிழ்த்து மோந்து பார்க்கிறாய், உன்னைப் பைத்தியம் என்கிறார்கள். சட்டப்படி பார்த்தால் நம் குடும்பத்தில் ஒழுங்காக இருந்தது அந்தப் பைத்தியம் ஒன்றுதான்.

குழியைக் காலி செய்ய என் ஆட்களோடு வருகிறேன். கேட்டைத் திறப்பாயா என்று எழுது.

அக்கா

ஏப்ரல் 9

அக்காவுக்கு,

ஆய்வாளர் அம்மா நேற்று கடைசியாக வந்து மோந்து பார்த்துவிட்டு, "இப்ப மண்ணு வாசனை" என்றார். நோட்டீஸைக் கிழிக்காமல் பதமாக உரித்து எடுத்துக்கொண்டு போனார். கேட் திறந்திருக்கிறது. அடிமூலையில் இருந்த எரு மொத்தமும் போனது போனதுதான். மேலே இருந்தது தேறிவிட்டது. பழைய பண்ணைக்காரர்கள் சிலர் வேறு இடத்தில் வாங்கிவிட்டார்கள், சிலர் காத்திருந்து வந்தார்கள். இந்த வருஷம் தட்டுத் தடுமாறி ஓடிவிடும்.

உனக்கு எழுத்தில் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள் என்று மாமா சொன்னார். ஆஸ்பத்திரிக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்று நீ எழுதவே இல்லை.

நீ வந்திருந்த இரண்டு நாளும் நாம் குழியைப் பற்றித்தான் பேசினோம். வேறு எதுவும் பேசவில்லை. நீ முழங்கால் வரை சேற்றில் நின்றுகொண்டு, ஒவ்வொரு அச்சையும் கழுவி, "இவர் பெரிய சமையல்காரர், எலும்பு கடிச்சே தேஞ்சு போச்சு", "இந்தம்மா ராத்திரியெல்லாம் பல்லக் கடிப்பாங்க" என்று சொல்லிச் சொல்லிப் பெட்டியில் போட்டதை எங்கள் பெண்கள் இன்னும் பேசிச் சிரிக்கிறார்கள். குழிப்பக்கம் வராதவள்கூட வந்து நின்று கேட்டாள். மாமா ஒரு பெட்டியைத் தூக்கப் போனபோது, "அனுமதி இருக்கா?" என்று நீயும் நானும் ஒரே நேரத்தில் கேட்டோம். அதோடு சரி.

ஒன்று கேட்க வேண்டும். என் அச்சைக் கொட்டகை ஜன்னலில் வைத்திருந்தேன். நீங்கள் போன பிறகு பார்த்தால் இல்லை. கழுவி வைத்ததோடு கலந்து ஆலைக்குப் போய்விட்டதா? போயிருந்தால் பரவாயில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 16

தம்பிக்கு,

ஆலைக்குப் போகவில்லை. நான் எடுத்து வந்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் எடுத்தது தப்புதான்.

நீ லாரிக்கு வழி காட்ட ரோட்டுக்குப் போயிருந்தாய். ஆய்வாளர் அம்மா சீட்டை வைத்துக்கொண்டு பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். என் கைப்பையிலிருந்து உன் முன்பல் எட்டிப் பார்த்தது. அவர் கண்ணுக்கு எது தப்பும்?

"அது என்னம்மா பையில? எல்லாக் கழிவும் லாரிலதான் போகணும்."

அவர் ஆபீஸில் கொடுத்த சட்டப் புத்தகத்தை அந்த வாரம் முழுக்கப் படித்திருந்தேன். அதில் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது, உடையவர் வேண்டாம் என்று விட்டதுதான் கழிவு என்று. அதைப் பிடித்துக்கொண்டேன்.

"இது கழிவு இல்லீங்க. வேண்டாம்னு விட்டாத்தானே கழிவு? இது எனக்கு வேணும்."

"குழிலருந்துதானே எடுத்தீங்க?"

"ஆமாங்க. கோவத்துல போட்டது. இப்பக் கேக்குறேன், குடுத்துடுங்க."

அவர் உன் அச்சை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ரோட்டில் கையை ஆட்டி லாரியைத் திருப்பிக்கொண்டிருந்த உன்னைப் பார்த்தார். நீ வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தாய். அச்சை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார்.

இப்போது பழையபடி மேல் தட்டில் இருக்கிறாய். ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து அலமாரியையும், பின்வாசலையும், ஆலைச் சீட்டுகளையும் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆறு மாதம் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்களாம். வேலை வந்துகொண்டிருக்கிறது.

நேற்று சம்பந்தியம்மா வந்திருந்தார். இரண்டு நாள் லேப்பை மூடிவிட்டு எங்கே போனீர்கள் என்று கேட்டார். "என் தம்பி எரு செய்யுறான், நாத்தமே இல்லாம. அவன் இடத்துல என் குப்பையை அள்ளப் போயிருந்தேன். எங்க வீட்டுல குப்பை பண்றவ நான்தான்" என்று சொன்னேன். அன்று இருந்த கூட்டத்தில் நேற்று வந்தது அவர் ஒருவர்தான். மீதிப் பேருக்குக் கல்யாணத்தில் சொல்கிறேன். நீ வந்தால் உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்வேன். வராவிட்டாலும் சொல்வேன்.

வா.

அக்கா

ஏப்ரல் 20

அக்காவுக்கு,

தபால்காரர், "அடிக்கடி எழுதுறாங்களே, யாருங்க?" என்று கேட்டார். அக்கா என்றேன். "போன் இல்லையா அவங்ககிட்ட?" என்றார்.

சாயங்காலம் போன் பண்ணு. எடுக்கிறேன்.

இப்படிக்கு,
உன் தம்பி,
குப்பை வியாபாரம்